கழற்றிப் பூட்டும் வேட்டை வில்: ரைசர், லிம்ப், இறாத்தல், எதை முதலில் பார்ப்பது?

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வேட்டை வில் பற்றி எழுதுகிறேன் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும், வரட்டும். இங்கே மான், மரையைக் கொல்வது 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம், அது துவக்காக இருந்தாலும் சரி வில்லாக இருந்தாலும் சரி. ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கடலுக்கு அப்பால்தானே இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் இருக்கும் மருமகனும் அவனுடைய கூட்டாளிமாரும் வில்லைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இலண்டன், ஜெர்மனி, நோர்வேக்காரர் இலக்குப் பலகைக்கு எய்வதற்காக மட்டும் வாசியுங்கள், அந்த நாடுகளில் வில்லால் வேட்டையாடுவது தடை. பிரான்சில் முடியும், ஆனால் வேட்டை அனுமதியோடு வில்லுக்கென்று தனிப் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும்.

கழற்றிப் பூட்டும் ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் வில், மூன்று துண்டு. நடுவில் கைப்பிடி, அதுதான் ரைசர். மேலேயும் கீழேயும் வளையும் துண்டுகள் இரண்டு, அவை லிம்ப். கடையில் "டேக்டவுன்" என்று எழுதியிருந்தால் அது கழற்றலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது, எதோடு எது பொருந்தும் என்று சொல்லவில்லை, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். சாமிக் சேஜ் மாதிரியான மலிவு மர வில்லில் லிம்பைப் போல்ட் போட்டு இறுக்குவார்கள், பழகுவதற்கு நல்ல வில், ஆனால் அதற்கு அதன் வகை லிம்ப்தான் போகும். ஐ.எல்.எப் (இன்டர்நாஷனல் லிம்ப் ஃபிட்டிங்) என்பது வேறு. 1980களில் ஹொய்ட் நிறுவனம் கொண்டுவந்த பூட்டு முறை, பிறகு பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். லிம்பின் அடி நுனி பிளந்திருக்கும், அந்தப் பிளவு ரைசரில் இருக்கும் போல்ட்டின் கீழே போய் நுழையும், கொஞ்சம் முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழ் குழிக்குள் "டிக்" என்று விழும். சாவி, ஸ்பானர் ஒன்றும் வேண்டாம், நாண் ஏற்றினால் அதன் இழுவையே மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கொம்பனியின் ரைசரில் இன்னொரு கொம்பனியின் லிம்ப் போகும். ஆனால் ஹொய்ட்டிலேயே ஃபோர்முலா என்று இன்னொரு பூட்டு இருக்கிறது, அது ஐ.எல்.எப்போடு சேராது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல் லிம்பின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் ரைசருக்குக் காசைப் போடுங்கள், முதல் லிம்பை மலிவாக வாங்குங்கள். ரைசர் பத்து வருடம் உங்களோடு இருக்கும். முதல் லிம்ப் ஒரு வருடத்தில் விற்கப்படும், விற்கப்படத்தான் வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு லேசாகிவிட்டிருக்கும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் முதல் நாளே 50 இறாத்தல் இழுவை உள்ள வில்லில் நிற்கிறார்கள்.

சரி, அளவு எடுப்போம். சைக்கிள் வாங்குகிறபோது சீட்டின் உயரத்தைப் பார்ப்பது போல வில்லில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் இழுப்பு நீளம். இரண்டு கையையும் அகல விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒரு கணக்கு வரும். 68 அங்குலம் என்றால் 27 சொச்சம். விரலால் இழுத்து எய்கிற ஆள், அதுவும் புதிய ஆள், பெரும்பாலும் இதைவிட ஒரு அங்குலம் குறைவாகவே இழுப்பார். ஆகையால் கணக்கை நம்பி நிற்காமல் லேசான வில் ஒன்றை எடுத்து, நீளமான அம்பைப் பூட்டி, முகத்தில் விரல் தொடுமிடம் வரை இழுத்து, ரைசரின் முன்புறத்தில் அம்பு எங்கே நிற்கிறதென்று கூட நிற்பவரை அடையாளம் போடச் சொல்லுங்கள். அடையாளம் போடுபவர் அம்புக்கு முன்னால் நிற்கக் கூடாது, பக்கத்தில் நிற்க வேண்டும்.

அதோடு கண்ணையும் பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளை அதற்குள் வைத்து ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் அசையாமல் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் எந்தப் பக்க வில் என்பதை ரைசர் வாங்கும் முன்னமே முடிவெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

அடுத்தது வில்லின் நீளம். 25 அங்குல ரைசரில் குட்டை லிம்ப் போட்டால் 66, நடுத்தரம் 68, நீளம் 70. அது ஒலிம்பிக் மைதானத்துக்கு. பற்றைக்குள்ளும் மரத்தில் கட்டிய பரணிலும் 70 அங்குல வில்லோடு திரும்ப ஏலாது. வேட்டைக்கு 17, 19, 21 அங்குல ரைசர்கள் இருக்கின்றன, கணக்கு அதேதான்: 17இல் நடுத்தர லிம்ப் என்றால் 60, 19இல் நடுத்தரம் 62, 21இல் குட்டை 62. குறுகிய வில் கைக்கு வசதி, ஆனால் நாணின் கோணம் கூர்மையாகி விரலை நசுக்கும், கடைசி இரண்டு அங்குல இழுப்பில் பாரம் திடீரென்று ஏறும். 27 அங்குலத்துக்குள் இழுப்பவருக்கு 58, 60 காணும். 28 இழுப்பவர் 60க்கும் 62க்கும் இடையில் பார்க்கலாம், 29ஐத் தாண்டினால் 64க்குக் கீழே போகாதீர்கள். எனக்குப் பிடித்தது 19 அங்குல ரைசரோடு நடுத்தர லிம்ப். பரணில் இருந்து எய்ய நினைத்தாலும் நிலத்தில் நின்று எய்ய நினைத்தாலும் அது ஒத்துப்போகும்.

இனி இறாத்தல். முழு இழுப்பில் விரலில் எத்தனை இறாத்தல் நிற்கிறதோ அதுதான் வில்லின் பாரம், லிம்பில் எழுதியிருப்பது அல்ல. லிம்பில் 40 என்று இருந்தால் அது ஒரு குறிப்பிட்ட ரைசரில், 28 அங்குல இழுப்பில் 40. இலக்கு வில் லிம்ப்களை வழக்கமாக 25 அங்குல ரைசரில் அளந்து எழுதுவார்கள், வேட்டைக்கென்று செய்யும் சில லிம்ப்களை 17 அங்குல ரைசரில் அளப்பார்கள். 25இல் அளந்த லிம்பைக் குட்டை ரைசரில் பூட்டினால் பாரம் சில இறாத்தல் ஏறும். இன்னொரு பக்கம், 28க்குக் கீழே ஒவ்வொரு அங்குலத்துக்கும் 2 முதல் 2.5 இறாத்தல் வரை இறங்கும். 45 என்று எழுதிய வில்லை 26 அங்குலம் இழுப்பவர் கையில் 40, 41தான் இருக்கும். வாங்கும் முன் "எந்த ரைசரில் அளந்தது?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

ஒன்ராறியோக்காரர் இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். அங்கே மானுக்கு வில் குறைந்தது 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல் இழுக்க வேண்டும், அதுவும் 700 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைந்த இழுப்பில். 700 மில்லிமீட்டர் என்பது 27.6 அங்குலம். லிம்பில் இருக்கும் 40 என்பது 28 அங்குலத்தில் எழுதிய 40, 27.6இல் அது 39 சொச்சத்துக்கு இறங்கிவிடும், சட்டம் கேட்பதற்கு ஒரு மயிரிழை குறைவு. "40 காணும்" என்று வாங்கியவர் சட்டப்படி வெளியே நிற்பார், ஆகவே 45ஐப் பார்ப்பதுதான் புத்தி. மூஸ், எல்க், கறுப்புக் கரடிக்கு 22 கிலோ, 48.5 இறாத்தல். அம்பு குறைந்தது 600 மில்லிமீட்டர் நீளம், அம்பின் முனைத் தலை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம், வெட்டும் விளிம்பு இரண்டாவது வேண்டும். வேட்டைக் கல்வி வகுப்பு, அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை, அந்த மிருகத்துக்கான அனுமதி எல்லாம் தனி. ஒவ்வொரு பருவத்துக்கும் மாகாணம் வெளியிடும் விதி நூலைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும்.

அதற்காக முதல் நாளே 45 வாங்காதீர்கள். 25 அல்லது 30 இறாத்தல் லிம்பில் தொடங்கி, முதுகால் இழுக்கப் பழகி, அப்புறம் 35, அப்புறம் 45 என்று ஏறுங்கள். ஐ.எல்.எப் வாங்குவதன் பிரயோசனமே இதுதான், ரைசர் மாறவில்லை, பிடி மாறவில்லை, லிம்ப் மட்டும் மாறுகிறது. ஏறலாமா என்று பார்க்க ஒரு சோதனை: கதிரையில் இருந்து, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக நீட்டி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை நடுங்காமல் பிடியுங்கள், அம்பு பூட்டியிருக்கட்டும், முன்னால் இலக்கு இருக்கட்டும், அம்பில்லாமல் நாணை விட்டால் லிம்ப் வெடிக்கலாம். பரணில் குளிரில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்துவிட்டு, மான் பார்க்கிற நேரத்தில் அதே மெதுவோடு இழுக்க வேண்டும். அங்கே கையை மேலே ஆட்டி இழுத்தால் மான் நிற்காது.

ரைசரில் இருக்கும் இரண்டு போல்ட்டையும் திருப்பிப் பாரத்தைக் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏற்றி இறக்கலாம். இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும், கையேட்டில் சொன்ன எல்லையைத் தாண்டி வெளியே எடுக்கக் கூடாது. நாண் ஏறிய நிலையில் போல்ட் கழன்றால் லிம்ப் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

லிம்ப் எதில் செய்தது என்பதைப் பற்றி அதிகம் கதைக்க வேண்டியதில்லை. மரத்தின் மேல் பைபர்கிளாஸ் போட்டது மலிவு, காபனும் ஃபோமும் சேர்ந்தது கொஞ்சம் வேகம், ஈரத்தையும் குளிரையும் கணக்கெடுக்காது. முதல் இரண்டு சோடிக்கு மலிவானதே போதும்.

அம்புக்குத்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும். நல்ல வில்லில் பொருந்தாத அம்பு போட்டால் என்ன எய்தாலும் வால் ஆடிக்கொண்டு போகும். ஸ்பைன் என்று எழுதியிருக்கும் எண் அம்பின் விறைப்பு, 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதை ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்வது, ஆகவே எண் குறைந்தால் தண்டு விறைப்பு. 45 இறாத்தல், 28 அல்லது 29 அங்குல அம்பு என்றால் 500இல் தொடங்கிப் பாருங்கள், முன்னால் கனமான தலை போட நினைத்தால் 400 தேவைப்படலாம். முழு டசினை வாங்காமல் இரண்டு ஸ்பைனில் இரண்டிரண்டு எடுத்து, இறகில்லாத தண்டை இறகுள்ள அம்புகளோடு எய்து பாருங்கள். வலக்கைக்காரருக்கு இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு கூட, வலப்பக்கம் விழுந்தால் குறைவு.

பாரம்: வில்லின் ஒவ்வொரு இறாத்தலுக்கும் அம்பு 9, 10 கிரெய்ன் இருக்கட்டும். 45 இறாத்தலுக்கு 405 முதல் 450 கிரெய்ன், அதாவது 26 முதல் 29 கிராம். லேசான அம்பு வேகமாகப் போகும், வில் சத்தம் போடும், மான் அந்தச் சத்தத்துக்குக் குனியும். கனமான அம்பு மெதுவாகப் போய் ஆழமாக இறங்கும். ரிகர்வ்வுக்கு விரியும் தலைகள் வேண்டாம், விரிவதற்கே சக்தியைச் செலவழித்துவிடும். அசையாத இரண்டு அலகுத் தலை, சவரம் செய்கிற கூர்மையில். தூரத்தைப் பற்றிச் சொல்வதென்றால், 20 யார் (கெஜம்) தூரத்துக்குள் பத்து அம்பில் பத்தும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் விழாதவர் 20 யாரில் மிருகத்துக்கு எய்யக் கூடாது, அவருடைய தூரம் 12 யாரோ 10 யாரோ எதுவோ அதுதான்.

சின்னச் சாமான்கள். அம்பை ரைசரின் திட்டில் நேரே வைத்து எய்வதென்றால் இறகு வேண்டும், பிளாஸ்டிக் வால் திட்டில் பட்டுத் தள்ளும். மழையில் இறகு படுத்துவிடும், ஆகவே ஈரப் பிரதேசக்காரர் அம்பைத் தாங்கும், ஒட்டும் வகை உயர்ந்த ரெஸ்ட் ஒன்றைப் போட்டுப் பிளாஸ்டிக் வாலோடு போகலாம். நாண் வில்லின் எழுதிய நீளத்தைவிட 3, 4 அங்குலம் குறைவாக இருக்கும், பழைய லிம்ப்களுக்குக் கொஞ்சம் இழுபடும் டேக்ரான் நாண் மட்டுமே போடுங்கள், இழுபடாத புது வகை நாண் அவற்றின் நுனியை உடைக்கும். நாணேற்றக் கயிறு கட்டாயம். காலுக்கிடையில் வைத்து வளைக்கிற சினிமா வேலையில் லிம்ப் முறுக்கிக்கொள்ளும்.

விடுமுறைக்கு வில்லை ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் விமானக் கொம்பனியிடமும் இலங்கைச் சுங்கத்திடமும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள், வந்து நின்று வாதாடாதீர்கள். அனுமதி கிடைத்து வளவுக்குள் பழகினாலும் வேட்டைத் தலை வேண்டாம், பயிற்சி முனை காணும். சாக்குக்குள் பழைய துணியை இறுக்கி அடைத்தால் நல்ல இலக்கு. அதற்குப் பின்னால் கிடுகு வேலி இருக்கிறதென்று நினைக்காதீர்கள், அம்புக்குக் கிடுகு ஒரு தடையே இல்லை, அடுத்த வீட்டுக் கிணற்றடியில் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பனையும் ஆகாது, அடிமரத்தில் பட்ட அம்பு தெறித்துத் திரும்பும் அல்லது தண்டு பிளக்கும். பிளந்த காபன் தண்டை மறுபடி எய்தால் கைக்குள் சிராய் ஏறும், ஒவ்வொரு அம்பையும் எடுக்கும்போது வளைத்துப் பார்த்துச் சத்தம் கேளுங்கள்.

எய்து முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய காருக்குள் நாண் ஏற்றிய வில்லை விட்டால் லிம்பின் ஒட்டு விடும். பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் உப்புக் காற்றில் ரைசரின் அலுமினியம் தாங்கும், போல்ட் தாங்காது, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் புரிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், லிம்பின் குமிழுக்கும்தான்.