கமிஷன் போட்டாச்சு என்று காலை நீட்டிப் படுக்காதீர்கள்

ஒரு ஊழல் வெளியே வரும், பத்து நாள் கூச்சல் நடக்கும், பிறகு விசாரணைக் கமிஷன் என்று அறிவிப்பு வரும். அன்று மாலையே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், வாட்ஸ்அப் குழுக்களில் "இனி எல்லாரும் உள்ளே போவாங்க" என்று செய்தி பறக்கும். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. கமிஷன் யாரையும் உள்ளே தள்ளாது. தென்னாப்பிரிக்காவில் குடியரசுத் தலைவர் அமைக்கும் கமிஷன் சாட்சிகளைக் கூப்பிடலாம், காகிதங்களை வரவழைக்கலாம், நடந்தது இன்னது என்று எழுதிப் பரிந்துரை செய்யலாம். வழக்குப் போடுவது அரசு வழக்குத்தொடுப்புத் துறை, தண்டிப்பது நீதிமன்றம்.

குப்தா என்ற தொழிலதிபர் குடும்பம் அரசையே கைக்குள் போட்டுக்கொண்டது என்ற புகாரை ஆராய்ந்த நீதிபதி ரேமண்ட் சோண்டோவின் கமிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் சாட்சி கேட்கத் தொடங்கி, 2022 ஜூனில் கடைசிப் பாகத்தைக் கொடுத்தது. 300க்கும் மேற்பட்ட சாட்சிகள், சுமார் 100 கோடி ராண்ட் செலவு. ஆனால் குப்தா சகோதரர்கள் இருவரைத் திருப்பி அனுப்பச் சொன்ன கோரிக்கையை 2023இல் ஐக்கிய அரபு அமீரக நீதிமன்றம் தள்ளிவிட்டது. (1993இல் சஹாரன்பூரிலிருந்து வந்த அந்தக் குடும்பத்துக்கும் 1860இல் தொடங்கி கரும்புக் காட்டுக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்கியே நமக்கு அந்த வருஷங்கள் போயின. அது தனிக் கதை.) இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கமிஷனில் ஒருவர் தன்னையே மாட்டிவிடும்படி சொன்ன பதிலை, அவர் மீதான குற்ற வழக்கில் சாட்சியாக வைக்க முடியாது என்று அதன் விதியே சொன்னது. டிவியில் ஒருவர் திணறுவதைப் பார்த்து "ஒத்துக்கிட்டான் பார்" என்று குதிப்பதில் பயனில்லை.

அறிக்கை வரும்வரை எதுவுமே நகராது என்று சோர்ந்துவிடுவதும் தவறுதான். வரித்துறையில் நடந்ததை ஆராய 2018இல் அமைந்த நீதிபதி நுஜெண்டின் கமிஷன் இடைக்கால அறிக்கையிலேயே வரித்துறைத் தலைவர் டாம் மொயானேயை நீக்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று அவர் வேலை போனது. அதிகாரம் உள்ளவருக்கு மனசு இருந்தால் பாதி அறிக்கையே போதும்.

அடுத்து, விசாரணை வரம்பைப் படிக்காமல் விடுவது. அரசிதழில் வரும் அந்த இரண்டு மூன்று பக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தத் துறை, யாருடைய நடத்தை. வரம்பில் இல்லாததைக் கமிஷன் கேட்காது. 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் 34 சுரங்கத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதை ஆராய்ந்த ஃபார்லம் கமிஷன் நடந்துகொண்டிருந்தபோதே, 2014இல், அரசுத் துறைகளின் பங்கைப் பற்றிய பிரிவு வரம்பிலிருந்து எடுக்கப்பட்டது. சத்தம் போட வேண்டிய நேரம் வரம்பு எழுதும் நேரம். அறிக்கை வந்தபின் "இதை ஏன் கேட்கலை" என்று கத்துவது காலம் கடந்த கோபம்.

காலம் என்றதும் சொல்ல வேண்டிய பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கமிஷன் முடியட்டும், அப்புறம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. கமிஷன் நடப்பதால் சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. அரசுத் துறையிடமோ நகராட்சியிடமோ நஷ்ட ஈடு கேட்பதென்றால், 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் நீதிமன்றத்திடம் கெஞ்சலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வழக்கையே தொடுக்கப் பொதுவாக 3 ஆண்டு. அரசு நிர்வாகத்தின் முறைகேடுகளை விசாரிக்கும் பப்ளிக் புரொடெக்டரிடம் புகார் கொடுக்க, சம்பவம் நடந்து 2 ஆண்டு. கமிஷன்கள் 3, 4 ஆண்டு இழுப்பது இங்கே சர்வசாதாரணம், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் மாதமே ஒரு வக்கீலையோ, கையில் காசில்லை என்றால் லீகல் எய்ட் என்ற அரசின் சட்ட உதவி அலுவலகத்தையோ பார்த்துவிடுங்கள்.

ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதும் இதோடு சேர்ந்ததுதான். லைஃப் எசிடிமெனி விவகாரத்தில் குடும்பங்கள் அப்படி நிற்கவில்லை. 2015 அக்டோபரில் கௌதெங் மாகாண சுகாதாரத் துறை, மனநோயாளிகளைப் பராமரித்துவந்த அந்தத் தனியார் நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை முறித்து, அவர்களைத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றத் தொடங்கியது. 36 பேர் இறந்ததாக மாகாண சுகாதார அமைச்சர் கெடானி மஹ்லாங்கு 2016 செப்டம்பரில் சட்டசபையில் சொன்னார். 2017 பிப்ரவரியில் ஹெல்த் ஓம்பட், அதாவது சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி, பேராசிரியர் மாக்கோபாவின் அறிக்கை வந்தபோது எண்ணிக்கை 90ஐத் தாண்டிவிட்டது, அந்த 27 தொண்டு நிறுவனங்களுக்கும் செல்லுபடியான உரிமமே இல்லை என்பதும் தெரிந்தது. கடைசியில் எண்ணிக்கை 144இல் போய் நின்றது. சட்டசபையில் சொன்ன எண்ணை நம்பி யாராவது கோப்பை மூடியிருந்தால் நூற்றுக்கும் மேற்பட்ட சாவுகள் கணக்கிலேயே வந்திருக்காது.

ஓம்பட் அறிக்கை போதும் என்று குடும்பங்கள் ஓய்ந்துவிடவில்லை. ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெகே முன் நடுவர் விசாரணைக்குப் போனார்கள். 2018 மார்ச்சில், வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு ஆளுக்கு 12 லட்சம் ராண்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அதன்பிறகும் விடவில்லை, சாவுக்கு யார் காரணம் என்று நீதிமன்றம் பார்க்கும் மரண விசாரணை கேட்டார்கள். 2024 ஜூலையில் நீதிபதி டெஃபோ, 9 பேரின் சாவுக்கு மஹ்லாங்குவும் அப்போதைய மனநலத் துறை இயக்குநரும் காரணம் என்று தீர்ப்பளித்தார். உண்மைக்கு ஒரு வாசல், பணத்துக்கு ஒரு வாசல், பொறுப்பைச் சுமத்த ஒரு வாசல். நம் டர்பன் பக்கம் 2013 நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த மால் இடிந்து 2 பேர் செத்ததை விசாரித்தது தொழிலாளர் துறை. கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி முன்பே நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தும் வேலை நடந்த இடம் அது. எந்த விபத்தை எந்த அமைப்பு விசாரிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சாட்சியம் எழுதுவதில் நடக்கும் கோளாறுகள் சின்னதாகத் தெரியும், ஆனால் அங்கேதான் பல பேர் விழுகிறார்கள். பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது, ஊகித்தது மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். "அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் ஈவிரக்கம் இல்லை" என்ற வரி விசாரணையில் எதற்கும் ஆகாது. "செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு ஆக்சிஜன் கேட்டேன், பதினொன்றே காலுக்குத்தான் வந்தது, கேட்டபோது என் தங்கை பக்கத்தில் நின்றாள்" என்பதை எந்த வக்கீலாலும் எளிதில் உடைக்க முடியாது. அஃபிடவிட்டை, அதாவது சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலத்தை, காவல் நிலையக் கவுண்டரிலேயே காசில்லாமல் செய்துகொள்ளலாம். ஆனால் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பமும் வேண்டும். மூலக் காகிதத்தைக் கையை விட்டு விடாதீர்கள். சான்றளித்த நகல் போதும்.

"முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டார்கள், நாம் ஏன் போக வேண்டும்?" என்று ஒதுங்குவதற்கு 1913ஐ உதாரணம் காட்டுவார்கள். இந்தியத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை விசாரிக்க அமைந்த சாலமன் கமிஷனின் உறுப்பினர்களில் இருவர் இந்தியர்களுக்கு விரோதி என்று சொல்லி காந்தி அதைப் புறக்கணித்தார், ஆனாலும் ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்டிருந்த மூன்று பவுன் வரி 1914இல் ஒழிந்தது. உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்திருந்தார்கள், அமைச்சர் ஸ்மட்ஸோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பலம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் புறக்கணிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அழைப்பாணை வந்தபின் போகாமல் இருப்பதோ வேறு ரகம்: சோண்டோ கமிஷனுக்குப் போகச் சொன்ன அரசியலமைப்பு நீதிமன்றத்தின் உத்தரவையும் மீறியதற்காகத்தான் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவுக்கு 2021 ஜூனில் 15 மாதச் சிறை கிடைத்தது.

அறிக்கை வந்துவிட்டால் அதுவே கடைசி வார்த்தை என்பதும் இல்லை. ஆயுதக் கொள்முதலில் ஊழலுக்கு ஆதாரம் இல்லை என்று சொன்ன செரிட்டி கமிஷனின் அறிக்கையை 2019இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. நல்ல அறிக்கைக்கும் ஆபத்து உண்டு, அது அலமாரியில் தூங்கும். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 300 வழக்குகளுக்கு மேல் வழக்குத்தொடுப்புத் துறையிடம் கொடுத்தது, பெரும்பாலானவை நகரவில்லை. 1971இல் போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது டிமோலின் சாவு கொலைதான் என்று மறு விசாரணையில் தீர்ப்பு வர 2017 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர் வழக்கு முடியுமுன் 2021இல் இறந்துபோனார். அந்த வழக்குகளை யாராவது தடுத்தார்களா என்று கேட்க 2025இல் நீதிபதி கம்பெபே தலைமையில் இன்னொரு கமிஷன்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நல்லிணக்க ஆணையத்தின் பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கே 30,000 ராண்ட் இழப்பீடு கிடைத்தது. கெடுவுக்குள் வாக்குமூலம் கொடுக்காதவர்கள் இன்றுவரை வெளியேதான் நிற்கிறார்கள்.

ஆகவே அறிக்கை வந்த வாரமே பரிந்துரைகளை எண் போட்டுத் தனியே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான துறையின் பெயர். ஆறு மாதம் கழித்து, என்ன செய்தீர்கள் என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் படிவம் 2இல் அந்தத் துறையைக் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். வராவிட்டால் முதலில் துறைக்குள்ளேயே மேல்முறையீடு, பிறகு அந்தச் சட்டத்தை மேற்பார்க்கும் இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டரிடம் புகார்.