உப்புக்காற்றில் பழைய ஆம்ப்ளிஃபையர்: கழுவி எடுக்கும் முறை

ஏர்வாடி சந்தனக்கூடோ தங்கச்சிமடத்துக் கல்யாணமோ, மைக் செட்டில் முதலில் படுப்பது பெரும்பாலும் புது டிஜிட்டல் மிக்சர்தான். அடியில் இருக்கும் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் பாடிக்கொண்டே இருக்கும். காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியும். பாம்பன், மண்டபம் பக்கம் ராத்திரியானால் இது சாதாரணம். கசிந்த உப்புநீரில் மின்சாரம் ஓடும். டிஜிட்டல் போர்டில் சிப்பின் கால்களுக்கு நடுவே பல இடங்களில் அரை மில்லிமீட்டர்தான். பழைய போர்டில் இரண்டரை. தவிர, அதே சிப் கடையில் கிடைத்தாலும் உள்ளே எழுதியிருந்த மென்பொருள் அதில் இருக்காது. பழையதைக் கழற்றலாம், கழுவலாம், மாற்றலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் இரு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் பிடியுங்கள். மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் பழக்கம் வேண்டாம்.

கழுவுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அழுக்குப் போகும், உப்புப் போகாது. ஆல்கஹாலில் உப்பு அநேகமாகக் கரையாது. முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பல் பிரஷ்ஷில் தொட்டு, போர்டின் ஈயப் பக்கத்தைத் தேய்த்து, பஞ்சுத் துணியால் ஒற்றுங்கள். பச்சைக் களிம்பு பிடித்த இடத்தில் இரண்டு தடவை. டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, வால்யூம் கன்ட்ரோல் மூன்றிலும் தண்ணீர் படக்கூடாது. அதன் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்; இதன் வேலை மிச்சத் தண்ணீரை விரட்டுவது மட்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு ஆகாது. வீட்டுக்குள் ஃபேன் காற்றில் ஒரு நாள் காயட்டும். கடலைப் பார்த்த திண்ணையில் காயவைத்தால் கழுவியது வீண்.

அடுத்து பவர் டிரான்சிஸ்டர். தட்டையான இரும்புத் தொப்பி போன்ற 2என்3055 இருந்தால், அதன் உடம்பே கலெக்டர் என்ற மின்முனை. உடம்புக்கும் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு உண்டு. அந்தத் தகட்டின் ஓரத்தில் உப்பு தேங்கினால் மின்கசிவு, பிறகு ஃப்யூஸ் போகும். கழற்றித் துடைத்து, பழைய வெள்ளைப் பசை பொடியாகியிருந்தால் சுரண்டிவிட்டுப் புதுப்பசையை மெல்லிசாகத் தடவுங்கள். மாட்டியபின் உடம்புக்கும் ஹீட்சிங்குக்கும் மல்டிமீட்டர் பீப் அடிக்கக்கூடாது.

பாட்டு இல்லாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர், அதாவது முன்பு சொன்ன பெரிய கெப்பாசிட்டர், வறண்டிருக்கும். புதியதில் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடவோ இருக்க வேண்டும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

முதல் தடவை நேரடியாகக் கரண்ட் கொடுக்காதீர்கள். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கரண்ட் 100 வாட் குண்டு பல்பு வழியாகப் போகும்படி சீரியஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

குழாய் ஸ்பீக்கரில் 16 ஓம் யூனிட், மல்டிமீட்டரில் 16-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வாய்ஸ் காயில் அறுந்தது. காயிலோடு சேர்ந்த அதிரும் தகடான டயாபிராமை மட்டும் மாற்றலாம். மாட்டுமுன் காந்த இடுக்கில் ஒட்டு டேப்பை மடித்து விட்டு இழுங்கள், துருப்பொடி வந்துவிடும். பொடியை எடுக்காவிட்டால் கரகரப்பு நிற்காது. போல்ட் மரைகளில் கிரீஸ் தடவினால்தான் அடுத்த வருடம் கழலும்.

டிஜிட்டல் மிக்சர் வேண்டாம் என்பதில்லை. எடை குறைவு, எக்கோ நன்றாக வரும். நிகழ்ச்சி முடிந்ததும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் வாணலியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும்; அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக்கூடாது.