துண்டு நசுங்கினால் தொடை வேலை செய்ததாக அர்த்தமில்லை

போன வாரம் எங்கள் கிளினிக்கில் பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி ஒருவர், முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்தொடையை இறுக்கும் பயிற்சி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு. "துண்டை நல்லா அமுக்குங்க தாத்தா, அஞ்சு எண்ணுங்க, விடுங்க." தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். துண்டு நசுங்கியது. "சூப்பர்" என்றார் மாணவி. தாத்தாவின் தொடை மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் அதே வார்த்தைகளைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை குறைவது, ஒரு வேளை விட்டுப்போவது மாதிரியான சில்லறைத் தவறுகளை இங்கே சேர்க்கவில்லை. அவை தானாகவே சரியாகிவிடும். புதிதாக வரும் பிசியோதெரபிஸ்ட்களும் வீட்டில் பயிற்சி செய்ய வைக்கும் பிள்ளைகளும் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறு.

கண் துண்டின் மேல், கை சும்மா

படுத்திருக்கும் ஒருவரால் அந்தத் துண்டை மூன்று விதமாக நசுக்க முடியும். முன்தொடைத் தசையை, அதாவது குவாட்ரிசெப்ஸை இறுக்கி முட்டியை நீட்டலாம். பிட்டத்தை இறுக்கி முழுக் காலையும் மெத்தைக்குள் அழுத்தலாம். பின்தொடையில் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங்கை வைத்துக் குதிகாலை ஊன்றலாம். எது வேலை செய்தது என்று துண்டுக்குத் தெரியாது.

நமக்கு வேண்டியது முதல் வழி. அடிபட்ட முட்டிக்கோ அதுதான் வராது. மூட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டால் அங்கிருந்து தண்டுவடத்துக்குப் போகும் சேதி, முன்தொடைக்கு வரும் நரம்புக் கட்டளையை அடக்கிவிடுகிறது. நல்ல முட்டிக்குள் உப்பு நீரை ஏற்றிப் பார்த்த 1984ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 20 முதல் 30 மில்லி ஏறியதுமே தொடையின் உள்பக்கத் தசை மங்கத் தொடங்கியது. இருமல் மருந்து மூடியில் இரண்டு, மூன்று மூடி அளவு, அவ்வளவுதான். மற்ற பகுதிகள் மங்க 50, 60 மில்லி வேண்டியிருந்தது. ஆக, தொடை இறுகாத நோயாளியைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். அவர் போடும் சத்தம் தசைக்குக் கேட்கவில்லை. கேட்காதபோது உடம்பு பக்கத்து வீட்டுக்காரர்களான பிட்டத்தையும் பின்தொடையையும் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது.

எனக்கு இது புரிந்த விதம் இன்னும் உறுத்துகிறது. இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, ஆபரேஷன் முடிந்து என்னிடம் வந்தார். நான் சொன்னதை ஒரு நாள்கூட விடவில்லை. தினமும் மூன்று வேளை செய்து, தினசரி காலண்டர் தாளில் கோடு போட்டு, அந்தத் தாள்களைக் கிழித்துக் கொண்டுவந்தும் காட்டுவார். மூன்றாவது வாரம் எங்கள் சீனியர் அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து முட்டியை நீட்டச் சொன்னார். கையால் தூக்கினால் கால் முழுக்க நீண்டது. அவராக நீட்டினால் இருபது டிகிரி மிச்சம் வைத்து நின்றுவிட்டது. சீனியர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவைப் படுக்க வைத்து, என் கையைப் பிடித்து அவர் தொடையின் மேல் வைத்து, "அமுக்குங்கம்மா" என்றார். பிட்டம் எழும்பியது, குதிகால் படுக்கையில் குழி போட்டது. என் கைக்குக் கீழே பஞ்சு.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரிதானே அமுக்குறேன்?" என்று கேட்டார். ஆமாம், நான் சொன்ன மாதிரியேதான் அமுக்கினார்.

அதைச் சரிசெய்ய இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. அவ்வளவு நாள் ஆட்டோ, அவ்வளவு நாள் கடைக்குப் பூட்டு. துண்டிக்கப்பட்ட கால்களை வைத்து லீப், பெர்ரி என்ற இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வில், முட்டியை நீட்டும்போது கடைசி 15 டிகிரிக்கு மட்டும் சுமார் 60 சதவீதம் அதிக விசை தேவைப்பட்டது. தசை சோர்ந்தால் முதலில் கைவிட்டுப்போவது அந்தக் கடைசிப் பகுதிதான். அப்புறம் நடை முழுவதும் மடங்கிய முட்டியோடுதான்.

சரி, என்ன செய்வது? "அமுக்குங்க" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "முட்டிச் சில்லை இடுப்புப் பக்கம் இழுங்க" என்று சொல்லுங்கள். உங்கள் விரல்கள் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கத் தொடையில் இருக்கட்டும். கண் சில்லின் மேல் இருக்கட்டும். சில்லு மேலே வழுக்கி ஏற வேண்டும். நோயாளியைச் சாய்ந்து உட்கார வையுங்கள், அவர் தொடையை அவரே பார்க்கட்டும். முதலில் நல்ல காலில் செய்துகாட்டச் சொல்லுங்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்துப் பார்ப்பது என் பழக்கம். முட்டிக்கடியில் துண்டு இருக்கும்போது முன்தொடை சரியாக இறுகினால் குதிகால் லேசாக எழும்பும், தாள் உருவிக்கொண்டு வரும். தாள் மாட்டிக்கொண்டால் வேலை பின்பக்கம் நடக்கிறது. இறுக்கம் வந்தபின் ஐந்து முதல் பத்து நொடி பிடிக்கட்டும். நல்லபடியாக வந்த பத்து இறுக்கம் போதும், அரைகுறையாக நூறு வேண்டாம்.

கால் மேலே போனால் தேறிவிட்டார்

காலை நீட்டியபடி தூக்கும் பயிற்சிக்கு அவசரமாகப் போவது இதன் தம்பி. குவாட்ரிசெப்ஸின் நான்கு பிரிவில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் இடுப்பையும் தாண்டிப் போகிறது. மற்ற மூன்றும் தொடை எலும்பிலேயே தொடங்குகின்றன. தசையின் மின் அசைவை அளந்த 1983ஆம் ஆண்டு ஆய்வில், காலைத் தூக்கும்போது ரெக்டஸ் அதிகம் உழைத்தது. படுத்தபடி தொடையை இறுக்கும்போது உள்பக்கத் தசை அதிகம் உழைத்தது. இடுப்பின் பலத்தில் கால் மேலே போய்விடும், முட்டி தொங்கிக்கொண்டே போகும், வீட்டில் எல்லோரும் கை தட்டுவார்கள். முதலில் இறுக்கி, சில்லு ஏறியதைப் பார்த்து, அப்புறம் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது முட்டி மடங்கினால் அந்தத் தடவை கணக்கில் இல்லை.

முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது

வேண்டாம். காலையில் முட்டி நீளாது.

தம் கட்டுவது

இறுக்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம் வருகிறார்கள். சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே தம் கட்ட யாராலும் முடியாது.

மாதக்கணக்காக ஒரே கோணம்

ஐசோமெட்ரிக் பயிற்சியில், அதாவது மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கும் பயிற்சியில், பலம் ஏறுவது பெரும்பாலும் எந்தக் கோணத்தில் செய்தோமோ அதையும் அதன் அக்கம்பக்கத்தையும் ஒட்டித்தான். நீட்டிய காலில் மட்டும் இறுக்கிப் பழகியவர், நாற்காலியிலிருந்து எழும்போது கைப்பிடியைத் தேடுவார். வீக்கம் வடிந்ததும், உட்கார்ந்தபடி முட்டியை 60, 90 டிகிரியில் மடக்கி, கணுக்காலுக்கு முன்னால் அசையாத மேஜைக் காலை வைத்துத் தள்ளச் சொல்லலாம். ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார்) ஆபரேஷன் ஆனவர்களுக்கு எந்தக் கோணத்தில் எதிர்ப்பு கொடுக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்தொடையை மட்டும் தனியாக இறுக்குவது

குவாட்ரிசெப்ஸின் நான்கு பிரிவுக்கும் ஒரே நரம்பு. தனியாக வராது.

மெஷின் பார்த்துக்கொள்ளும்

கரண்ட் வைக்கும் மெஷின் நல்ல உதவி. தூங்கும் தசையைத் தட்டி எழுப்பும். ஆனால் மெஷின் இழுக்கும்போது நோயாளியும் சேர்ந்து இறுக்க வேண்டும். எங்கள் ஹாலில் நான் பார்ப்பது, தொடை தானாகத் துடித்துக்கொண்டிருக்கும், அதன் சொந்தக்காரர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். செல்போனை வாங்கி வைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.