திம்பம் ஏற்றத்தில் பழைய வேன் நின்றுபோனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தியமங்கலம் அருகே அடிவாரத்திலுள்ள பண்ணாரியிலிருந்து மலைமேல் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீடாக மாற்றப்பட்ட பழைய டெம்போ வேன் அந்த ஏற்றத்தில் கீழ் கியரிலேயே வெகுநேரம் இழுத்துக்கொண்டு போகும்போது, சூடு தாங்காமல் ரேடியேட்டர் ஹோஸ் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் ரப்பர் குழாய்) வெடிப்பதில் வியப்பில்லை. சத்தியமங்கலத்திலிருந்து வரும் கைதேர்ந்த மெக்கானிக், சைக்கிள் டியூப்பையும் கட்டுக்கம்பியையும் வைத்தே வண்டியை நகர்த்திவிடுவார். பெரும்பாலும் அவர் வேலையில் பழுது இருக்காது. அவர் வருவதற்கு முன்பும் போன பின்பும் வண்டிக்காரர் செய்யும் காரியங்களால்தான் எஞ்சின் கெடுகிறது.

முதல் தவறு அவசரம். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், உள்ளே நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். இது புலிகள் காப்பகத்துச் சாலை என்பதால் ஓடை தேடிக் காட்டுக்குள் இறங்குவதும் கூடாது. பத்து லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஹோஸ் அதன் முனையை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்புக்கு அருகில் கிழிந்திருந்தால், மெக்கானிக் அந்த நுனியை அறுத்தெறிந்துவிட்டு மீதியை இழுத்து மாட்டிவிடுவார். நடுவில் கிழிந்திருந்தால், ஹோஸை ஈரம் போகத் துடைத்து, டியூப்பை நீளவாக்கில் வாராக வெட்டி, இழுத்துப் பிடித்தபடி ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்றி, இரு முனைகளிலும் கம்பி முறுக்குவார். பிறகு ரேடியேட்டர் மூடியை முழுதாக இறுக்காமல் முதல் படியோடு நிறுத்திவிடுவார். அழுத்தம் ஏறாமல் இருந்தால்தான் அந்தக் கட்டு தாங்கும். இதை அறியாத வண்டிக்காரர், மெக்கானிக் மறந்துவிட்டார் என்று எண்ணி அடுத்த வளைவிலேயே மூடியை முழுதாகத் திருகிவிடுகிறார், மீண்டும் வெடிக்கிறது. பழி மட்டும் மெக்கானிக் மீது விழுகிறது.

அந்தக் கட்டோடு மேலே ஏறுவது அடுத்த தவறு. திம்பத்துக்கு அப்பால் உள்ள ஆசனூர் பக்கந்தானே என்று தோன்றினாலும், வண்டியைத் திருப்பிச் சத்தியமங்கலத்துக்கு இறங்குவதே நல்லது; இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமை குறைவு. ஆனால் சூட்டைக் குறைக்கிறேன் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டக் கூடாது. வாக்குவம் பூஸ்டர் (பிரேக் மிதியை இலகுவாக்கும் கருவி) உள்ள வண்டியில் எஞ்சின் நின்றால் பிரேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாக இறுகிவிடும். ஏறிவந்த அதே கீழ் கியரில் இறங்க வேண்டும். சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தால் அந்தக் குழாயை மட்டும் அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் மலைப்பாதையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே இழுவை வண்டிதான் வழி.

மின்விசிறி, விளக்கு என்று பேட்டரியிலிருந்து பல இணைப்பு எடுத்த வேன்களில், பியூஸ் போனால் அதன் இடத்தில் செம்புக் கம்பி சுற்றும் பழக்கம் உண்டு. பியூஸ் உருகுவதற்குப் பதிலாக ஒயர் உருகும். மரப்பலகையும் மெத்தையும் அடைத்த வண்டியில் அது தீயாக மாற அதிக நேரம் ஆகாது. டீசல் கசிவைச் சோப்புக்கட்டியால் அடைப்பது பழைய உத்தி, ஊர் வந்து சேரத் தாங்கும். அப்போது சமையல் அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸ் சிலிண்டர் வால்வையும் மூடிவிட வேண்டும்.

கிளம்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லையும் எச்சரிக்கைக்குப் போட்ட தழையையும் சாலையிலேயே விட்டுப் போகிறவர்கள் ஏராளம். பின்னால் பைக்கில் வருபவர் வளைவில் அதைப் பார்க்க மாட்டார்.

பட்டறைக்கு வந்ததும், கட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். மேல் ஹோஸ் போயிருந்தால் கீழ் ஹோஸுக்கும் அதே வயதுதான். இரண்டையும் கிளாம்ப்புகளோடு மாற்றச் சொல்லி, மூடியின் ரப்பர் வாஷரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.