அப்புச்சி தையலில் ஒரு கௌபாய் உறை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரைச் சந்தை கூடும். போன தடவை அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சேணம், கடிவாளம், கழுத்து மணி என்று தொங்கவிட்டிருந்த ஒரு கடை முன்னால் நின்றவன் நகரவே இல்லை. “மாமா, குதிரை இருக்குது, தொப்பியும் இருக்குது. துப்பாக்கி சொருகற உறைதான் இல்ல. நீங்க தைப்பீங்கல்ல?” என்றான். தப்பு என்னுடையதுதான். ஒரு வாரம் முன்னால் செர்ஜியோ லியோனி 1965இல் எடுத்த ‘ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்’ படத்தை லேப்டாப்பில் போட்டு, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். பையனுக்குக் கதை பிடிபடவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் இடுப்பும், கைப்பிடியில் வெள்ளிப் பாம்பு பதித்த அந்தத் துப்பாக்கியும் மட்டும் நன்றாகப் பிடிபட்டுவிட்டன.

அந்தக் கடையில் பித்தளைப் பக்கிள் ஒன்று வாங்கியதோடு வேலை ஆரம்பித்தது. இதுவரை மூன்று உறை தைத்திருக்கிறேன். முதல் இரண்டும் வீண். மூன்றாவது சரியாக வந்தது. அது வந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், தண்ணீர் அள்ளுகிற சாலுக்குத் தும்பி என்கிற தோல் குழாய் தைத்தவர். மோட்டார் வந்து கவலை நின்றதும் செருப்பும், மாட்டுக்குக் கழுத்துப் பட்டையும் தைத்தார். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நாள் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் முங்கி எழுந்தாலும் அந்தத் தையல் பிரியாது. அமெரிக்காவில் குதிரைச் சேணம் தைத்தவர்களும் இதே தையலைத்தான் போட்டார்கள். துப்பாக்கி உறை தைத்ததும் அவர்கள்தான். இது எனக்குத் தெரியவந்த அன்றைக்கு, பரணில் கிடந்த அப்புச்சியின் குத்தூசியை இறக்கித் துருவைத் தேய்த்தேன்.

சரி, முதலில் எந்த மாதிரி உறை என்று முடிவு செய்ய வேண்டும். சினிமாவில் பெல்ட்டிலிருந்து தொடை வரைக்கும் தாழத் தொங்குகிறதே, அந்த வகை 1920களுக்கு அப்புறம் வந்தது. சினிமா அதைப் பிரபலமாக்கியது. நிஜமாக மாடு மேய்த்தவர்கள் 1870, 80களில் போட்டது வேறு. பெல்ட்டை ஒட்டி மேலேயே நிற்கும். உறையும் அதன் பின்னால் இருக்கிற அகலமான மடிப்பும் ஒரே துண்டுத் தோல். மடிப்பில் கீறல் போட்டுப் பட்டை மாதிரி விட்டு, அந்தப் பட்டைக்குள் உறையை நுழைத்துவிடுவார்கள். மெக்சிகன் லூப் என்று பெயர். ஆணி வேண்டாம், ரிவிட் வேண்டாம். ஓடுகிற பையனுக்குத் தாழத் தொங்குவது முட்டியில் அடிக்கும். நான் பழைய வகையைத்தான் எடுத்தேன்; படத்திலிருந்து பழுப்பு நிறத்தையும் தேய்ந்த தோற்றத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கி மரத்தில் செய்தது. பூவரசங்கட்டையில் நானே செதுக்கினேன். அளவு 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியினுடையது. அதன் குழல் முக்கியமாக மூன்று நீளங்களில் வந்தது: 7½, 5½, 4¾ அங்குலம். நான் நடுவில் இருப்பதை எடுத்தேன். தோட்டா நிரப்புகிற உருளைதான் அதன் தடித்த இடம், ஏறக்குறைய 1⅝ அங்குலம். உங்களிடம் பிளாஸ்டிக் பொம்மை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் உறை தைக்கும் முன்பே துப்பாக்கி கையில் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து உறை தைத்துவிட்டு அப்புறம் துப்பாக்கி தேடினால் பொருந்தாது.

அடுத்தது தோல். என் முதல் உறை வீணானது இதில்தான். கைப்பை தைக்கிற ஒரு இடத்தில் மிச்சத் துண்டு மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்தேன். தொட்டால் மெத்தென்று இருந்தது. தைத்து முடித்தால் நனைத்த வேட்டி மாதிரி தொங்கியது. துப்பாக்கியை உருவியதும் வாய் மூடிக்கொண்டது. அது குரோம் போட்டுப் பதனிட்ட தோல். எத்தனை நனைத்து அமுக்கினாலும் உருவம் பிடிக்காது. உறைக்கு வேண்டியது மரப்பட்டை போட்டுப் பதனிட்டது. அதற்கு ஈரோட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். காவிரிக் கரையில், பெரிய அக்ரகாரம் பக்கம் தோல் ஷாப்புகள் காலங்காலமாக இருக்கின்றன. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டது. இப்போது பெரும்பாலும் வாட்டில் மரத்துப் பட்டைச் சாறு. நேராகப் போய்க் கேட்டால் ஒன்றிரண்டு தோல் கொடுப்பவர்களும் உண்டு, மொத்தமாகத்தான் என்பவர்களும் உண்டு.

வாங்கும்போது வெட்டு முனையைப் பாருங்கள். உள்ளே வரைக்கும் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம். விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும். மாட்டுத் தோலே போதும், 3 முதல் 3½ மில்லி கனம். எருமைத் தோல் கனமாகக் கிடைக்கும், ஆனால் மேல்புறம் கரடாக இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. முதுகுப் பக்கம் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், உறைக்கு ஆகாது. உறைக்கு இரண்டு சதுர அடி, பெல்ட்டுக்கு முதுகோரமாக 2½ அங்குல அகலத்தில் ஒரு நீளத் துண்டு.

தோலில் கை வைக்கும் முன் சார்ட் பேப்பரில் வெட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு, அதுதான் மடிப்பு. குழலின் குறி பார்க்கிற மேல்பக்கம் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கும்படி துப்பாக்கியைப் படுக்கவைத்துச் சுற்றி வரையுங்கள். அந்த வரையை அப்படியே வெட்டினால் துப்பாக்கி நுழையாது. துப்பாக்கியின் பாதித் தடிமன், அதோடு தோலின் கனம், இரண்டையும் வெளியே தள்ளினால் தையல் கோடு வரும். அதற்கும் வெளியே கால் அங்குலம் ஓரம். உருளை இருக்கிற இடத்தில் எனக்கு மொத்தம் 1¼ அங்குலம் தள்ள வேண்டியிருந்தது, குழல் பக்கம் அதைவிடக் குறைவு. விரல் வைக்கிற வளையம் வெளியே தெரிகிற மாதிரி வாயைச் சரித்து வெட்டினால் பார்க்கப் பழைய உறை மாதிரியே இருக்கும்.

பின் மடிப்பு, உறையின் பின்பக்க வாயிலிருந்து மேலே தொடர்கிற அதே துண்டு. பெல்ட் நுழைய 3 அங்குலம் விட்டுப் பின்னால் மடித்தால், உறையின் முதுகில் படிந்து கீழே இறங்கும். அகலம் 8 அங்குலம், நீளம் உறையின் நுனிக்கு ஓர் அங்குலம் மேலே வரை. இதில் இரண்டு பட்டை. பட்டைக்கு மேலே ஒரு கீறல், கீழே ஒரு கீறல், நடுவில் 1¼ அங்குலம். உறை கீழே போகப் போக ஒடுங்கும் என்பதால் மேல் கீறல்கள் நீளமாகவும் கீழ்க் கீறல்கள் குட்டையாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கீறலின் இரு முனையிலும் முதலில் ஒரு வட்ட ஓட்டை போட்டுவிட்டு, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் கத்தியை இழுங்கள். ஓட்டை இல்லாத கீறல் நாளடைவில் அங்கிருந்தே கிழியும். பேப்பரை மடித்து உறையை உள்ளே நுழைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகு தோலுக்குப் போகலாம். நான் நான்கு பேப்பர் வீணாக்கினேன். பேப்பர் ஐந்து ரூபாய்.

வெட்ட நல்ல கத்தி போதும். ஒரே இழுப்பில் அறுக்க நினைக்காமல் இரண்டு மூன்று முறை இழுங்கள். வெட்டியதும் தைக்கும் முன்பே சாயம். பழுப்பு வேண்டும் என்றால் தோல் சாயக் கடையில் கிடைப்பதைத் துணியில் தொட்டு இரண்டு கை பூசலாம். கறுப்புக்குக் கடையே வேண்டாம்: துரு ஆணியை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிப் பூசினால், தோலில் இருக்கிற பட்டைச் சாறோடு இரும்பு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி ஒரு தடவல், அவ்வளவுதான். குரோம் தோலில் இந்த வித்தை நடக்காது.

இனி தையல். உறையை மடித்தால் இரண்டு ஓரமும் சேரும். நேராகச் சேர்த்துத் தைக்காமல், நடுவில் அதே தோலில் அரை அங்குல அகல வார் ஒன்று வையுங்கள். துப்பாக்கி உரசும்போது நூலில் படாமல் இந்த வார் தாங்கிக்கொள்ளும். மூன்றையும் ரப்பர் சொல்யூஷன் வைத்து ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளில் சமமாக்கிவிடுங்கள். ஓரத்திலிருந்து 4 மில்லி உள்ளே ஒரு கோடு. ஓட்டைகளுக்கு அளவு குறிக்கச் சாப்பிடுகிற ஃபோர்க்கையே வைத்து அமுக்கினேன்: ஒரு பல் முந்தின குறியில், மற்றவை புதிய இடத்தில். அங்குலத்துக்கு ஆறு வந்தது. அழகாகவே இருந்தது.

மூன்று தோலும் சேர்ந்து 9 மில்லிக்கு மேல். குத்தூசி நேராக இறங்கவில்லை என்றால் பின்பக்கத் தையல் குடிகாரன் நடை மாதிரி போகும். பழக்கம் இல்லாதவர்கள் 1½ மில்லி டிரில் பிட்டில் ஓட்டை போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நூல் பத்து அங்குலத் தையலுக்கு எண்பது அங்குலமாவது வேண்டும். திருப்பூரில் நூலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பனியன் தைக்கிற நூல் இதற்கு மெலிசு. செருப்பு தைக்கிற நைலான் நூல், 1 மில்லி, வாங்கித் தேன்மெழுகில் மூன்று முறை இழுத்தேன். இரண்டு ரீப்பர் கட்டையை ஒரு முனையில் கீல் போட்டு இணைத்து, உறையை நடுவில் வைத்துத் தொடைக்கு இடையில் இடுக்கிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அப்புச்சி கால் கட்டைவிரல்களிலேயே இடுக்குவார்.

முதல் ஓட்டையில் நூலை நுழைத்து இரு பக்கமும் நீளம் சமமாக்குங்கள். அடுத்த ஓட்டையில் வலது ஊசி முதலில். அது இடப்பக்கம் வந்ததும் நூலை ஓட்டையின் ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதே ஓட்டையில் இடது ஊசி. உள்ளே இருக்கிற நூலைக் குத்திவிடக் கூடாது, குத்தினால் இறுகாது. அப்புறம் இரண்டு கையையும் விரித்து ஒரே இழுப்பு, மெழுகு கிரீச் என்கிற வரைக்கும். எல்லா ஓட்டையிலும் வலதுதான் முதலில். ஒரு இடத்தில் மாற்றினாலும் அந்தத் தையல் மட்டும் வேறு பக்கம் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். கடைசியில் மூன்று ஓட்டை திரும்பி வந்து, நூலை ஒட்ட வெட்டி, ஊதுபத்தி நெருப்பில் முனையை உருக்கி அமுக்குங்கள். மிஷின் தையலில் மேல்நூல் ஓர் இடத்தில் தேய்ந்து அறுந்தால் வரிசையாக விட்டுக்கொண்டே வரும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று நிற்கும்.

இப்போது உறை தட்டையாக, இட்லித் தட்டில் ஒட்டிய துணி மாதிரி இருக்கும். இதற்கு உருவம் கொடுப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம். துப்பாக்கியைப் பாலிதீனில் சுற்றி டேப் ஒட்டுங்கள். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர். கை பொறுக்காத சூடு கூடாது, பட்டைத் தோல் சுருங்கிவிடும். உறையை முக்கினால் குமிழி வரும். குமிழி நின்றதும் எடுத்து, துண்டில் ஒற்றி, அரை மணி நேரம் காத்திருங்கள். கறுத்த தோலில் பழைய நிறம் மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும்போது களிமண் பதம் வந்திருக்கும். முதலில் உறையைப் பின்மடிப்பின் இரண்டு பட்டைக்குள்ளும் இழுத்து நுழையுங்கள். ஈரத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்து நுழையும், அந்த இறுக்கம்தான் வேண்டும். அப்புறம் துப்பாக்கியை உள்ளே தள்ளிக் கட்டைவிரலால் தடவித் தடவி அமுக்குங்கள். உருளை புடைத்து வரும், அதன் கீழே குழலின் கோடு தெரியும். நகம் படக் கூடாது. ஈரத் தோலில் பட்ட நகக் கீறல் போகவே போகாது. என்னுடையதில் ஒன்று இருக்கிறது, மருமகன் அதைச் சண்டையில் பட்ட தழும்பு என்று சொல்லிக்கொள்கிறான்.

காய்வது நிழலில், காற்றோட்டத்தில், முழுதாக ஒரு நாள். என் இரண்டாவது உறையைப் பங்குனி வெயிலில் மொட்டை மாடியில், அம்மா வடகம் பிழிந்த பாய்க்குப் பக்கத்திலேயே வைத்தேன். சாயங்காலம் வடகத்தைவிட அது நன்றாகக் காய்ந்திருந்தது. வாய் சுருண்டு, மடிப்பில் வெடிப்பு விட்டுவிட்டது.

காய்ந்த பிறகு ஓரங்கள். உப்புத்தாள், கொஞ்சம் ஈரம், பழைய ஜீன்ஸ் துணியில் தேன்மெழுகு வைத்துச் சூடேறும் வரைக்கும் தேயுங்கள். மூன்று தோலும் ஒரே தோல் மாதிரி பளபளக்கும். எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய்தான், தும்பிக்கும் அதையே போட்டார்கள். துணியில் தொட்டு மெலிதாக ஒரே ஒரு கை. அதிகம் விட்டால் பாடுபட்டு வாங்கிய விறைப்பு போய்விடும்.

பெல்ட்டில் பெரிய வித்தை இல்லை. இடுப்பில் அளக்காமல் அது உட்காரப் போகிற இடத்தில் அளந்து, பக்கிள் மடிப்புக்கும் ஓட்டைகளுக்கும் ஒன்பது அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். தோட்டா வளையம் நான் வைக்கவில்லை. பையன் விளையாடுவதற்கு அது எதற்கு? துப்பாக்கி விழாமல் இருக்க, பட்டையில் ஒரு ஓட்டை போட்டு வாரில் சுருக்கு விட்டு, துப்பாக்கியின் பின்னால் சுத்தியல் மாதிரி இருக்கிற கொக்கியில் மாட்டினால் போதும்.

முதல் சில நாள் துப்பாக்கி இறுக்கமாக வரும். அதற்காக எண்ணெய் ஊற்ற வேண்டாம். உருவி உருவிச் சொருகினால் தானே இளகும், பையன்கள் கையில் கொடுத்தால் ஒரே நாளில் இளகிவிடும். விளையாடி முடித்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பாலிதீன் பையில் போட்டு மூடினால் ஐப்பசி மழைக்குள் பச்சைப் பூசணம் பூத்திருக்கும்.