குளிர்காலத்துல வீட்டு ஆமைக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம்? புதுசா வளக்குறவங்களுக்கு

நவம்பர் வந்துட்டா யூகேல ஆமை வளக்குற நம்மாளுங்க நிறைய பேர் சூப்பர்மார்க்கெட்ல ஒரு சாலட் பாக்கெட்ட வாங்கி, மார்ச் வரைக்கும் அதையேதான் தட்டுல போட்டுட்டு இருக்காங்க. அது சாப்பிடுது, அதனால பிரச்சனை இல்லன்னு நினைச்சிடுறாங்க. ஆனா ஹெர்மன்ஸ், ஹார்ஸ்ஃபீல்ட் மாதிரி ஆமைங்க ஊர் ஊரா வறண்ட நிலத்துல நடந்து, நார் நிறைய இருக்குற களைச்செடியா மேஞ்சு வாழ்ற ஜீவன், அதுக்கு தண்ணி மட்டும் இருக்குற ஐஸ்பெர்க் லெட்யூஸ் வயித்த ரொப்புமே தவிர கால்சியமும் குடுக்காது நாரும் குடுக்காது. குளிர்லயும் வகை வகையா குடுக்க முடியும், கொஞ்சம் வெளிய தேடணும், கொஞ்சம் வீட்லயே வளக்கணும், அவ்ளோதான்.

இது குளிர்கால உறக்கத்துக்கு (ஹைபர்னேஷன்) போகாம முழிச்சிருக்குற ஆமைக்கான பதிவு. தூங்க வைக்கிறவங்களுக்கு வேற கணக்கு: அதுக்கு 3, 4 வாரம் முன்னாடியே சாப்பாட்ட நிறுத்தி குடல காலி பண்ணணும், அப்புறம் 5 டிகிரி பக்கத்துல வைக்கணும், அத தனியா படிச்சிட்டு செய்ங்க.

படி 1: சாப்பாட்டுக்கு முன்னாடி சூடு

ஆமைக்கு உடம்புச்சூடு வெளியருந்துதான் வரணும், சூடு இல்லன்னா சாப்பிட்டது செரிக்காம குடல்லயே கிடக்கும். அதனால சூடு குடுக்குற லாம்புக்கு கீழ 30லருந்து 35 டிகிரி, இன்னொரு பக்கம் 20 டிகிரி கிட்ட, ஒரு நாளைக்கு 12 மணி நேரம். கூடவே யூவிபி (வெயில்ல இருக்குற ஒரு வகை புற ஊதாக் கதிர்) விளக்கு கண்டிப்பா வேணும், அது இல்லாம எவ்வளவு கால்சியம் போட்டாலும் உடம்புல ஒட்டாது, ஓடு மெத்துன்னு ஆயிடும். யூவிபி விளக்கு வெளிச்சம் குடுத்துட்டே இருக்கும் ஆனா உள்ள இருக்குற யூவிபி மாசம் போகப்போக குறைஞ்சிடும், அதனால கம்பெனி சொல்ற கெடுவுல மாத்திடுங்க. ஹால்ல 15 டிகிரில ஒரு மூலைல விட்டுட்டு "சாப்பிடவே மாட்டேங்குது"ன்னு கவலப்படுறவங்க முதல்ல தெர்மாமீட்டர வச்சு பாருங்க. தூங்கவும் தூங்காம சாப்பிடவும் சாப்பிடாம இருக்குற அந்த நிலைமைதான் ஆமைக்கு ரொம்ப ஆபத்து.

படி 2: வெளிய போய் பறிங்க

குளிர்ல எல்லாம் செத்துடும்னு நினைக்காதீங்க. வேலி ஓரமா முள்ளோட படர்ந்திருக்குமே ப்ளாக்பெரி செடி, அதுல ஜனவரிலயும் இலை இருக்கும். சின்ன இலையா பாத்து பறிச்சு, பின்பக்கம் நடு நரம்புல இருக்குற முள்ள கிள்ளிட்டு போடுங்க. ஆமை முன்னங்கால இலை மேல ஊனி, கழுத்த பின்னால இழுத்து கிழிச்சு கிழிச்சு தின்னும், அலகு தேயுறதுக்கு இந்த மாதிரி கிழிச்சு தின்றது ரொம்ப நல்லது. வெட்டி போட்ட சாலட்ல அந்த வேலையே இல்ல.

அடுத்தது துணில ஒட்டிக்கிற க்ளீவர்ஸ், இதோட இளம் தளிர் குளிர்லயே தலைகாட்டிடும். சிக்வீட், சோ திசில்ங்கிற களைச்செடிங்க, குளிர் அதிகம் இல்லாத ஏரியால டேன்டலையன், தொட்டில வச்சிருக்குற பான்சி பூவும் இலையும், எல்லாமே குடுக்கலாம். ஒரு செடி என்னன்னு சந்தேகமா இருந்தா பறிக்கவே வேணாம். டாஃபடில் மாதிரி கிழங்குலருந்து வர்ற செடிங்க விஷம். ரோட்டோரம், நாய் நடத்துற வழி, களைக்கொல்லி அடிச்ச பார்க், இங்கயும் பறிக்காதீங்க. கொண்டுவந்து நல்லா கழுவிடுங்க.

படி 3: ஜன்னல் ஓரத் தோட்டம்

ஒரு ட்ரேல மண்ணு போட்டு டேன்டலையன் விதையும் ரிப்வோர்ட் ப்ளான்டெயின் விதையும் தூவி (வாழை இல்லைங்க, இது நீட்டு இலை களைச்செடி) சமையலறை ஜன்னல்ல வச்சா போதும். மூணு நாலு ட்ரே இருந்தா ஒண்ண மேய விட்டுட்டு இன்னொண்ண வளர விடலாம். வீட்ல ஸ்பைடர் பிளான்ட், செம்பருத்தி, முள் எடுத்த சப்பாத்திக்கள்ளி இருந்தா அதுவும் சாப்பாடுதான். ஆனா கடைல வாங்குன செடில பூச்சிமருந்து இருக்கும், மண்ண மாத்தி சில மாசம் வளர விட்டு, புதுசா வந்த இலைய மட்டும் குடுங்க.

படி 4: காஞ்ச இலை

எனக்கு ரொம்ப பிடிச்ச வழி இதுதான். வெயில் காலத்துலயே மல்பெரி இலை, திராட்சை இலை, டேன்டலையன், ப்ளான்டெயின் எல்லாத்தையும் நிழல்ல காயப்போட்டு, கையில நொறுங்குற பதம் வந்ததும் காகிதப் பைல கட்டி வச்சிடுங்க, ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சை பிடிச்சிடும். குளிர்ல ஒரு பிடி எடுத்து நொறுக்கி, ஈரமா இருக்குற சாலட் மேல தூவி பிசறிட்டா நார்ச்சத்து பிரச்சனை தீந்துது. இந்த வருஷம் காயப்போடலன்னா கடைல கட்டியா விக்கிற காஞ்ச களைச்செடி கிடைக்கும், வெந்நீர்ல ஊறவச்சு ஆறினதும் குடுங்க.

படி 5: சூப்பர்மார்க்கெட்ல எத எடுக்கறது

சாலட்டே கூடாதுன்னு சொல்லல, மாத்தி மாத்தி எடுங்க. லாம்ப்ஸ் லெட்யூஸ், ராக்கெட், வாட்டர்கிரெஸ், சிக்கரி, எண்டிவ், ராடிச்சியோ, ரோமெய்ன். கேல், முட்டைக்கோஸ் வகை எப்பவாவது கொஞ்சம் போதும், தினமும் வேணாம், தைராய்டுக்கு ஆகாது. கொத்தமல்லி சின்ன அளவுல ஓகே.

நம்ம தமிழ்க் கடைல கிடைக்கிற முளைக்கீரை, அரைக்கீரை, பசலை, அப்புறம் ஸ்பினாச், இதெல்லாம் நமக்கு நல்லது, ஆமைக்கு வழக்கமா குடுக்கக்கூடாது, ஆக்சலேட் அதிகம், கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். வீட்ல பெரியவங்க பாசத்துல வாழைப்பழத்துண்டு, சோறு, பிரெட், பால்னு வைப்பாங்க, ப்ளீஸ் விடாதீங்க. பழத்து சர்க்கரை இந்த வகை ஆமைங்க குடல்ல புளிச்சு வயித்தாலப் போகும். நாய் பூனை சாப்பாடும் வேணாம், அவ்ளோ புரதம் தேவையில்ல. அவகாடோ, ருபார்ப், வெங்காயம் பக்கமே போகாதீங்க.

படி 6: எப்படி வைக்கறது

ஒரு நாள் சாப்பாடு கிட்டத்தட்ட அதோட ஓடு அளவு இருக்கட்டும். மண்ணுல வைக்காம ஒரு சொரசொரப்பான ஓட்டுக்கல்லுல வைங்க. பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடிய ஒரு சிட்டிகை தூவுங்க, கணவாய் ஓடு ஒரு துண்டு எப்பவும் கூண்டுல கிடக்கட்டும், வேணும்போது கடிச்சுக்கும்.

லெட்யூஸ் மட்டுமே தின்னு பழகுன ஆமை புது இலைய பாத்ததும் மூஞ்ச திருப்பிக்கும். அதுக்கு பழசையும் புதுசையும் சேத்து பொடிப்பொடியா நறுக்கி, பொறுக்கி எடுக்க முடியாத மாதிரி கலந்து குடுங்க, வாரத்துக்கு வாரம் புதுச கூட்டுங்க. ஆரோக்கியமா இருக்குற பெரிய ஆமை ரெண்டு நாள் பிடிவாதம் பண்ணா பயப்பட வேணாம். குட்டின்னா அப்படி விடாதீங்க.

படி 7: குளியலும் எடையும்

லாம்பு சூட்டுல ஆமைக்கு உடம்பு வறண்டுடும். வெதுவெதுப்பான தண்ணில தாடை அளவுக்கு 15, 20 நிமிஷம் உக்கார வைங்க, குட்டிக்கு தினமும், பெருசுக்கு வாரத்துல ரெண்டு மூணு தடவ. தண்ணிலயே வெள்ளையா ஒண்ணு போகும், அது மூத்திர உப்பு. க்ரீம் மாதிரி வந்தா நல்லது, விரல்ல தொட்டா மணல் மாதிரி நெறநெறன்னு இருந்தா தண்ணி பத்தலன்னு அர்த்தம், குளியல கூட்டுங்க.

வாரம் ஒரு தடவ கிச்சன் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. சூடு எல்லாம் சரியா இருந்தும் எடை தொடர்ந்து இறங்குதுன்னா, இல்ல மூக்குல சளி, கண்ணு வீக்கம்னு ஏதாவது தெரிஞ்சா, சாப்பாட்ட மாத்திப் பாத்துட்டு இருக்காம ஊர்வன பாக்குற வெட் கிட்ட அந்த எடை நோட்டோட போங்க.

இந்தியாலருந்து படிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம்: நட்சத்திர ஆமைய வீட்ல வச்சிருக்கறது 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி குற்றம், யாராவது விக்க வந்தா வாங்காம வனத்துறைக்கு சொல்லிடுங்க. யூகேலயும் ஹெர்மன்ஸ் வாங்கும்போது ஆர்ட்டிகிள் 10 சர்டிபிகேட் (அந்த ஆமைய விக்க சட்டப்படி அனுமதி இருக்குன்னு காட்டுற பேப்பர்) இருக்கான்னு கேட்டு வாங்குங்க.