சின்ன டூயல் ஸ்போர்ட் வண்டியில் மண்பாதைப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடும் 200, 250 சிசி டூயல் ஸ்போர்ட் வண்டிகளின் பெரிய பலம் எடை குறைவு. யமஹா எக்ஸ்டி250, கவாசாகி கேஎல்எக்ஸ்230, ஹோண்டா சிஆர்எஃப்250எல் எல்லாமே சுமார் 130 முதல் 150 கிலோவுக்குள் அடங்கிவிடும். சேற்றில் சாய்ந்தால் ஒருவரே தூக்கி நிறுத்தலாம், ஏற்றத்தில் நின்றுபோனால் ஒருவரே திருப்பிக்கொண்டு இறங்கலாம். ஆசையோடு செய்யும் மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்தப் பலத்தைத்தான் முதலில் குறைக்கின்றன. இரும்பு கிராஷ் கார்டு, அலுமினியப் பெட்டிகள், கனமான கேரியர், கூடுதல் விளக்குகள் என்று 20 கிலோ ஏறிய பிறகு, பிக்கப் போதவில்லை என்று சைலன்சரை மாற்றக் கிளம்புவார்கள். டயர், காற்று, சஸ்பென்ஷன், கைக்கும் காலுக்கும் எட்டும் அமைப்பு, இன்ஜின் அடிப்பாதுகாப்பு ஆகியவற்றை முதலில் முடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காற்றழுத்தத்தைக் கவனிக்காமல் விடுவது

செலவே இல்லாத மாற்றம் இதுதான். ஆனால் அதிகம் பேர் தவறவிடுவதும் இதைத்தான். தார்ச்சாலைக்கு வைத்த அழுத்தத்தோடு கல்லும் மண்ணும் நிறைந்த பாதையில் இறங்கினால், டயர் கல்லை அணைத்துக்கொண்டு உருளாமல் அதன் மேல் துள்ளும். முன்சக்கரம் நினைத்த இடத்துக்குப் போகாது. கெட்டியான மண்ணுக்கும் சரளைக்கும் 18–20 பி.எஸ்.ஐ., கல் கலந்த மேடுபள்ளத்துக்கு 15–18 என்று தொடங்கி, ஓட்டுபவரின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஒன்றிரண்டு கூட்டிக் குறைக்கலாம். டயர் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் மீட்டர் இந்தச் சின்ன அளவுகளில் நம்பத்தக்கதல்ல. 30 வரை மட்டும் காட்டும் மீட்டரை வாங்குங்கள்.

இன்னும் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று 10, 12 வரை இறக்குவது எதிர்ப்பக்கத் தவறு. டியூப் டயரில் இரண்டு ஆபத்துகள் வரும். ஒன்று, கூர்மையான கல்லில் மோதும்போது டயர் ரிம் வரை அமுங்கி, நடுவில் சிக்கும் டியூபில் இரண்டு இணைக் கீறல்கள் விழும். இரண்டாவது, ஆக்சிலேட்டர் முறுக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும். டியூபும் அதோடு இழுபட, வால்வு வேரோடு பிய்ந்துபோகும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப்போட முடியாது. 15-க்குக் கீழே போக வேண்டுமென்றால் பின்சக்கரத்துக்காவது ரிம் லாக் (டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் பூட்டு) போட்டே ஆக வேண்டும்.

வால்வின் அடியில் உள்ள சிறு நட்டை ரிம்மோடு இறுக்கி வைப்பதும் தவறு. அதைத் தளர்த்தி மேலே மூடியோடு ஒட்டி வையுங்கள். டயர் நகரத் தொடங்கினால் வால்வு சாய்ந்து நிற்பது கண்ணில் படும், பிய்வதற்கு முன் சரிசெய்யலாம். திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் காற்றை நிரப்ப மறக்கக்கூடாது. குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், வளைவில் வண்டி நெளியும்.

டயரின் அகலத்திலும் ஒரு ஆசை உண்டு. நிறுவனம் சொன்னதைவிட இரண்டு அளவு அகலமான டயரை அதே ரிம்மில் ஏற்றினால் அதன் ஓரங்கள் உள்வாங்கி, முதுகு உருண்டுவிடும். செயினிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ உரசவும் செய்யும். எடையும் கூடும். அகலத்தைவிட டயரின் மேலுள்ள ரப்பர் கட்டைகளின் அமைப்புதான் மண்ணில் பிடிப்பைத் தீர்மானிக்கிறது.

பிரீலோடை முறுக்கி ஸ்பிரிங்கின் குறையை மறைப்பது

பின் ஷாக் அதிகம் அமுங்குகிறது என்றால், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோட் வளையத்தை முறுக்கிக்கொண்டே போவது பரவலான வழக்கம். பிரீலோடால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது, வண்டி நிற்கும் உயரம் மட்டுமே மாறும். இதை அளந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, ஆக்சிலிலிருந்து மட்கார்டில் குறித்த ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பை எல்லாம் அணிந்து, ஒருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்து அதே தூரத்தை அளக்க வேண்டும். இரண்டின் வித்தியாசம் மொத்த சஸ்பென்ஷன் ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஓட்டம் 250 மி.மீ. என்றால் 75 முதல் 85 மி.மீ. இந்த அளவு வரும்வரை பிரீலோடைத் திருத்துங்கள்.

அடுத்து, ஆள் இறங்கி, வண்டி தன் எடையில் மட்டும் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். 25–35 மி.மீ. இருந்தால் ஸ்பிரிங் பொருத்தமானது. ஏறக்குறைய அமுங்கவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிந்தது. விறைப்பாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் அது பிரீலோடால் அழுத்தி வைத்த விறைப்பு. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட அதில் இடமே மிச்சமில்லை. இதற்கு மருந்து அடுத்த விறைப்பளவு ஸ்பிரிங். முன் ஃபோர்க்குக்கும் இதே கதைதான்.

கால் எட்டவில்லை என்று பின்பக்கம் மட்டும் லோவரிங் லிங்க் (வண்டியைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) போடுவது இன்னொரு சிக்கல். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் உயர்ந்து நின்றால் மணலிலும் சரளையிலும் திருப்பம் மந்தமாகும், முன்சக்கரம் வெளியே நழுவும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையும், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அதற்கேற்ப மேலேற்ற வேண்டும். ஏற்றிய பிறகு முழுதாக அமுக்கி, முன் டயர் மட்கார்டில் இடிக்கவில்லையே என்று சரிபார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டும் நீளமாகிவிடும். அதையும் வெட்டிக் குறைக்காவிட்டால் வண்டி சின்னக் காற்றுக்கே மறுபக்கம் சாயும்.

கியரிங், செயின்

செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது நல்ல மாற்றம், மலிவும்கூட. முன்னால் 14, பின்னால் 40 பல் (14/40) என்பதை 13/40 ஆக்கினால் விகிதம் 2.86-லிருந்து 3.08 ஆகும். முதல் கியரில் மெதுவாக ஊர்ந்து ஏற முடியும், கிளட்சைப் பாதி பிடித்து எரிக்கத் தேவையிருக்காது. ஆனால் 80 கி.மீ. வேகம் தந்த அதே இன்ஜின் சுழற்சியில் இனி 74 தான் கிடைக்கும். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம் என்பதை மறந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவது மிகையாகிவிடும். முன்னால் 12 பல் வரை போனால் செயின் ஸ்விங் ஆர்மின் மேலுள்ள ரப்பரை அறுக்கத் தொடங்கும்.

செயினை இழுத்து இறுக்கி வைப்பதுதான் அதிக நஷ்டம் தருவது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில்தான் செயின் அதிகபட்சம் இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போது சரியாகத் தோன்றும் செயின் அங்கே கம்பியாக விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் இழுக்கும். பாரம் கட்டும் பெல்ட் ஒன்றைப் போட்டுப் பின்பக்கத்தை அந்த நிலைக்கு அமுக்கிக் கட்டுங்கள். அங்கே ஒரு விரற்கடை தளர்வு இருக்கும்படி வைத்து, பிறகு ஸ்டாண்டில் எவ்வளவு தளர்வு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு அதுதான் அளவு.

ஏர் ஃபில்டரும் சைலன்சரும்

ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸின் மூடியில் துளை போட்டால் சத்தம் கூடும், தூசியும் தண்ணீரும் சுலபமாக உள்ளே போகும். சைலன்சரை மட்டும் மாற்றி எரிபொருள் அளவைத் திருத்தாமல் விட்டால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். இந்த அளவு இன்ஜினில் கிடைக்கும் கூடுதல் சக்தியை மண்பாதையில் உணரவே முடியாது.

ஃபோம் ஃபில்டரை எண்ணெயில்லாமல் போடுவது இன்ஜினைக் கொல்லும் தவறு. தூசியைப் பிடிப்பது ஃபோமில் ஊறிய பிசுபிசுப்பான எண்ணெய்தான். மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, ஃபில்டர் எண்ணெயைச் சீராகப் பரவவிட்டுப் பிழியுங்கள். துணி முறுக்குவதுபோல் முறுக்கினால் ஒட்டு பிரிந்துவிடும், பெட்ரோலில் கழுவினாலும் அதே கதி. ஓரத்தில் லேசாக கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். அடுத்த முறை திறக்கும்போது ஃபில்டருக்கு அப்பால் இன்ஜின் பக்கக் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் எங்கோ ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யாமல் கிளம்பக்கூடாது.

கைப்பிடி, பாரம், மின்சாரம்

ஹேண்டில்பாரை 30 மி.மீ. உயர்த்தியதும் இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸையும் ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையில் பார்க்க வேண்டும். பிரேக், கிளட்ச் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால்தான் எழுந்து நின்று ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காது. லீவர் கிளாம்பின் அடியில் டெஃப்லான் டேப் சுற்றி, கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். விழும்போது லீவர் சுழலும், உடையாது.

சின்ன வண்டிகளின் பின் கேரியர் பலவற்றுக்கு நிறுவனம் சொல்லும் வரம்பு சில கிலோ மட்டுமே. அதில் 15 கிலோ ஏற்றி மேடுபள்ளத்தில் குதித்தால் சீட்டையும் கேரியரையும் தாங்கும் சப்ஃபிரேமின் வெல்டிங் விடும். மென்பைகள் போதும், கனமான பொருள் தாழ்வாகவும் உங்கள் முதுகுக்கு நெருக்கமாகவும் இருக்கட்டும். கால் ஊன்றி விழும்போது கெட்டிப் பெட்டிக்குக் கீழே கால் சிக்கினால் எலும்பு முறியும். விளக்கு சேர்ப்பவர்கள் ரிலேயும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸும் வைக்க வேண்டும்.

ஓட்டும்போது

நின்று ஓட்டும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவதுதான் முதல் தவறு. பிடி முழங்காலில் இருக்க வேண்டும், கை தளர்வாக. இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டால் இன்ஜின் தடுப்பு போய்விடும். முதல் அல்லது இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு இறங்குங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பது தவறான பாடம். ஒரு விரலால் மெல்லக் கூட்டி, சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட வேண்டும். பின் ஏபிஎஸ்ஸை அணைக்க முடிந்தால் அணையுங்கள். சாவியைத் திருப்பினால் அது திரும்ப இயங்கிவிடும் வண்டிகள் உண்டு.

ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனால் முன் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி பின்னோக்கிச் சறுக்கும். கியரில் வைத்துக் கிளட்சை விடுங்கள், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மேட்டுப் பக்கமாகச் சாய்ந்து இறங்கி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விட்டுப் பின் பிரேக்போல் பயன்படுத்தி வண்டியைக் கீழே கொண்டுவரலாம்.

தண்ணீர் கடக்கும்போது வண்டி விழுந்து இன்ஜினுக்குள் நீர் போனால், செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்துவதுதான் மன்னிக்கவே முடியாத தவறு. நீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கில் சுவிட்சை அணைத்துக் கரைக்கு இழுத்து, முன்சக்கரத்தைத் தூக்கி சைலன்சரிலுள்ள நீரை வடியுங்கள். ஏர்பாக்ஸைத் துடைத்து ஃபில்டரைப் பிழியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் ஒயரைத் துளையிலிருந்து தள்ளி வைத்து, கில் சுவிட்ச் அணைந்தபடியே இன்ஜினைச் சுழற்றினால் நீர் பீய்ச்சி வெளியேறும். அப்படிச் சுழல மறுக்கும் வண்டிகளில், பிளக் கழன்ற நிலையிலேயே கியரில் போட்டுத் தள்ளுங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டக்கூடாது.

கருவிப் பையில் 21 அங்குல முன் டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு 18 அங்குலப் பின் டயருக்குள்ளும் அதைப் போட்டுச் சமாளிக்கலாம். செயின் இணைப்புக் கண்ணி உங்கள் செயினின் அளவுதானா, 428-ஆ 520-ஆ என்று பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம், பையில் இருக்கும் கருவிகளை மட்டும் வைத்து வீட்டு வாசலில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். ஆக்சில் நட்டுக்கான ஸ்பேனர் பையில் இல்லை என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியவரும்.